பொன்னாடைக்கு முன்னால் ஒரு போர்டு: வேலூர் கேரம் பாராட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன நிகழ்ச்சி? யார் நடத்துகிறீர்கள்?

வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு மாடி அறை. ஆறு கேரம் போர்டு, பதினாலு ஸ்டூல். பன்னிரண்டு ஆடுகிறவர்களுக்கு, மீதி இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லும் பெரியவர்களுக்கு. பகலில் அவரவர் பிழைப்பு. ராத்திரி ஏழரைக்கு விளக்கு போட்டால் பதினோரு மணி வரை ஓடும். வருடத்தில் ஒரு ஞாயிறு மட்டும் அங்கே போட்டி ஆட்டம் கிடையாது. அந்த வருடம் நன்றாக ஆடியவர்களை அழைத்து உட்காரவைத்து, அவர்கள் என்ன ஆடினார்கள் என்று ஊருக்குச் சொல்கிற நாள் அது.

வேலூர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் வைத்திருப்பது பழைய வடஆற்காட்டுக் கணக்கு. 1989இல் திருவண்ணாமலை பிரிந்து போனது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயின. இருந்தாலும் ஆம்பூரிலிருந்தும் ஆரணியிலிருந்தும் பஸ் பிடித்து வருகிற ஆட்டக்காரரை வெளி மாவட்டம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

கேரமுக்கெல்லாமா பாராட்டு விழா?

இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு போர்டு கிடக்கும். அதனால்தான் கேட்கிறார்கள். எல்லார் வீட்டிலும் கிடக்கிற சாமான் மேல் யாருக்குப் பிரமிப்பு வரும்? கிரிக்கெட்டில் பந்து எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று டிவி சொல்லிவிடுகிறது. கேரமில் ஒருத்தர் எதிர்ச் சட்டத்தில் அடித்துத் திருப்பி, நடுவில் இருக்கும் இரண்டு கறுப்புக்கு இடையில் ஸ்ட்ரைக்கரை விட்டு, ஓரத்துக் காயைக் குழியில் தள்ளினால் அதைச் சொல்ல ஆள் கிடையாது. 'டொக்' என்று ஒரு சத்தம். முடிந்தது.

இன்னொரு பழியும் உண்டு. தெருமுனையில் விளக்கு போட்டு நாலு பேர் கேரம் ஆடினால் அது சூதாட்டம் என்று நினைக்கும் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. எங்கள் அறைக்கும் ஒரு தடவை விசாரிக்க வந்தார்கள். போர்டில் இருந்த பவுடரைத் தொட்டு முகர்ந்துகூடப் பார்த்தார்கள். போரிக் பவுடர்தான் சார், பக்கத்து மெடிக்கலில் வாங்கினது என்று சொல்லிப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது.

இந்தப் பழி நமக்கு மட்டும் விழுந்தது இல்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அமெரிக்காவில் பின்பால் என்று ஒரு ஆட்டம். சாய்ந்த மேசை, மேலே கண்ணாடி, உள்ளே எஃகுக் குண்டு, கீழே விழாமல் தட்டிவிட இரண்டு துடுப்பு. அது சூதாட்டம் என்று நியூயார்க் நகரத்தில் 1942இல் தடை போட்டார்கள். மேயர் லகார்டியா காலத்தில் இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். 34 வருடம் அந்தத் தடை இருந்தது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகை எழுத்தாளர் நகர மன்றத்துக்கு முன்னால் ஒரு இயந்திரத்தில் ஆடிக் காட்டினார். குண்டை இழுத்து விடுவதற்கு முன்னாலேயே இந்த வழியாகத்தான் போகும் என்று விரலால் காட்டினார். அப்படியே போனது. அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை, கை ஆட்டம்தான் என்று ஒத்துக்கொண்டு தடையை எடுத்தார்கள்.

எங்கள் மாலையின் வடிவமே அங்கிருந்து வந்ததுதான். வாயால் புகழ்வதை விட, அடித்துக் காட்டச் சொல்லிவிடலாம் என்று முடிவு பண்ணினோம்.

அடித்துக் காட்டுவது என்றால்?

பொன்னாடை போடுவதற்கு முன்னால் ஒரு போர்டு. அந்த வருடம் அவர் ஆடியதில் மறக்க முடியாத நிலை எதுவோ, அதே மாதிரி காய்களை அடுக்குவோம். கூட இருந்து பார்த்தவர்கள் 'அந்த வெள்ளை இன்னும் ஒரு விரல் உள்ள தள்ளி இருந்துச்சு' என்று சண்டை போட்டு இடத்தைச் சரி பண்ணுவார்கள். அப்புறம் அவர் உட்கார்ந்து அதே அடியை அடிப்பார். போர்டுக்கு மேலே ஒரு செல்போனைக் கட்டி, படத்தைச் சுவரில் விழவைக்கிறோம். பின்வரிசைக்கும் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் குடியாத்தத்துத் தறிக்காரர் ஒருவர் வந்தார். மூன்றாவது கேம், எட்டாவது போர்டு, அதாவது எட்டாவது சுற்று. அதோடு மேட்ச் முடிகிறது. அவர் 19, எதிராளி 22. எதிராளிக்கு இன்னும் இரண்டே கறுப்பு. இவருக்கு ஒரே ஒரு வெள்ளை, ஆனால் சிவப்பு இன்னும் போர்டில் நிற்கிறது. கணக்கைப் பாருங்கள்: போர்டை ஜெயித்தால் எதிராளிக்கு மிச்சமிருக்கும் காய்க்கு 2, சிவப்புக்கு 3, மொத்தம் 24. மேட்ச் இவருடையது. சிவப்பு எதிராளி பக்கம் போய்விட்டால், கவராக (சிவப்பைப் போட்ட கையோடு போட வேண்டிய சொந்தக் காய்) ஒரு கறுப்பும் போயிருக்கும், அப்புறம் போர்டை ஜெயித்தாலும் 20தான். தோல்வி.

சிவப்பு எங்கே என்றால், அவருடைய சொந்த வலது குழிக்கு ஒரு சாண் தள்ளி, ஸ்ட்ரைக்கர் வைக்கிற பேஸ் லைனுக்குக் கீழே. ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டத்தில் மோதவிட்டுத் திரும்பி வரவழைக்க வேண்டும். வருகிற வழியில் எதிராளியின் ஒரு கறுப்பு. ஒரு அடிக்கு 15 நொடிதான் நேரம். அவர் அதில் பாதியை ஸ்ட்ரைக்கரைச் சட்டையில் துடைக்கவே செலவழித்தார். வலது கை ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த தழும்பு உண்டு, அந்த விரலால்தான் அடிப்பார். அடித்தார். ஸ்ட்ரைக்கர் போய் மோதித் திரும்பி, கறுப்பை உரசாமல் வந்து, சிவப்பை மெதுவாகத் தொட்டது. சிவப்பு குழி ஓரத்தில் ஒரு கணம் நின்றுவிட்டு விழுந்தது. கவருக்கு இடது ஓரத்தில் சட்டத்தை ஒட்டி நின்ற வெள்ளை. அதையும் போட்டார்.

எங்கள் மேடையில் அதே அடி முதல் தடவை போகவில்லை. இரண்டாவது தடவை கறுப்பில் பட்டது. மூன்றாவது தடவை ஸ்ட்ரைக்கரே குழிக்குள் போய் ஃபைன். "இன்னாண்ணா, கூப்ட்டு வச்சி மானத்த வாங்குறீங்களே" என்று எழுந்துவிட்டார். நாலாவது தடவை விழுந்தது. அன்றைக்கு வந்திருந்த சின்னப் பையன்கள் அவரைச் சுற்றி நின்ற மாதிரி எந்தத் தலைவரைச் சுற்றியும் நின்று நான் பார்த்ததில்லை. ஒரு தடவையில் விழுந்திருந்தால் இவ்வளவு கூட்டம் கூடியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சுவரில் யார் யார் படம் மாட்டியிருக்கிறீர்கள்?

முதல் படம் மரிய இருதயம். சென்னைக்காரர். 1991இல் டெல்லியில் நடந்த முதல் உலகச் சாம்பியன்ஷிப்பிலும், 1995இல் கொழும்பில் நடந்ததிலும் ஒற்றையர் பட்டம் அவருக்கு. தேசியப் பட்டம் ஒன்பது முறை. 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது வாங்கினார். கேரம் ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அப்போதுதான். எங்கள் பெரியவர்கள் இருவரும் அவர் ஆடிப் பார்த்தவர்கள். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர்கள் குறை சொல்வதை நிறுத்திவிடுவார்கள்.

பக்கத்தில் இளவழகி. சென்னை வியாசர்பாடியில் வளர்ந்து, 2008இல் பிரான்ஸ் நாட்டுக் கான் நகரத்தில் உலகச் சாம்பியன் ஆனவர். அடுத்தது ராஷ்மி குமாரி. பீகார்க்காரர், பெட்ரோலிய நிறுவனங்களின் விளையாட்டு வாரிய அணிக்கு ஆடுகிறவர், தேசியப் பட்டம் மட்டும் பத்துக்கு மேல். தமிழ்நாட்டுச் சுவரில் பீகார்க்காரர் எதற்கு என்று ஒரு நன்கொடையாளர் கேட்டார். அவரிடம் தோற்றுத் தோற்றுத்தான் நம் பெண்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், படம் இருக்கட்டும் என்றோம்.

புதுசாக மாட்டியது காசிமா. வட சென்னை, அப்பா ஆட்டோ ஓட்டுநர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், அணி என்று மூன்றிலும் தங்கம். அப்போது அவருக்கு 17 வயது. 2025 டிசம்பரில் மாலத்தீவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமேட்டுக் கீர்த்தனாவும் அதே மாதிரி மூன்று தங்கம் வாங்கினார். அவர் படத்துக்கு ஃப்ரேம் போட்டாகிவிட்டது, ஆணி அடிக்க வேண்டியதுதான் பாக்கி. சுவர் பழைய சுண்ணாம்புச் சுவர், அடித்தால் உதிர்கிறது.

வேலூர்க்காரர் படம் ஒன்றும் இல்லையே?

இருக்கிறது, ஆனால் அது கேரம் படம் இல்லை. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட், இரண்டு காமன்வெல்த் போட்டியிலும் பளுதூக்குதலில் தங்கம். நம் ஊரில் பத்து வீட்டுக்கு ஒரு பிள்ளை பளு தூக்குகிறது என்று வேடிக்கையாகச் சொல்வோம். 15 கிராம் ஸ்ட்ரைக்கரைத் தூக்குகிறவர்களும் அவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஆடட்டுமே என்று மாட்டினோம். கேரமில் வேலூர் பெயர் வரும்போது இடம் ஒதுக்குவதற்கு ஜன்னல் பக்கம் ஒரு ஆணி காலியாகத்தான் இருக்கிறது.

வீட்டில் ஆடுகிற ஆட்டமும் போட்டி ஆட்டமும் ஒன்றா?

இல்லை. வீட்டில் நாம் ஆடுவது பாயிண்ட் ஆட்டம். கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று எங்கள் பக்கம் கணக்கு. போட்டியில் ஒருத்தருக்கு வெள்ளை, ஒருத்தருக்குக் கறுப்பு. முதலில் உடைக்கிறவருக்கு வெள்ளை. தன் ஒன்பது காயையும் முதலில் முடிக்கிறவர் போர்டை ஜெயிக்கிறார். எதிராளிக்கு மிச்சமிருக்கும் காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, சிவப்பைப் போட்டுக் கவரும் போட்டிருந்தால் கூட மூன்று. 25 புள்ளி அல்லது எட்டு போர்டு, எது முதலில் வருகிறதோ அதுதான் ஒரு கேம். மூன்றில் இரண்டு கேம் ஜெயித்தால் மேட்ச். 22ஐத் தொட்டுவிட்டால் அப்புறம் சிவப்புக்குப் புள்ளி கிடையாது. முன்னால் போகிறவரின் காலைக் கொஞ்சம் பிடித்து இழுக்கிற விதி இது. எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு போர்டில் அதிகபட்சம் 12 புள்ளிதான் கிடைக்கும். ஆக எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் 25ஐத் தொடக் குறைந்தது மூன்று போர்டு ஆடியே ஆகவேண்டும்.

அளவுகளும் கண்டிப்பானவை. ஆடுபரப்பு 74 செ.மீ. சதுரம். குழி 4.45 செ.மீ., ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 4.13 செ.மீ. ஸ்ட்ரைக்கருக்கும் குழிக்கும் மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஃபைன் விழுவதற்கு அதுவே தாராளம். ஆட்டம் ஆரம்பித்தபின் ஸ்டூலை விட்டு எழக்கூடாது, நகர்த்தவும் கூடாது. வீட்டில் போர்டைச் சுற்றி நடந்து நடந்து கோணம் பார்ப்போமே, அது இங்கே நடக்காது. முதல் தடவை போட்டிக்கு வரும் பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் இதில்தான். குறி தப்புவதால் அல்ல, உடம்பைக் கட்டி ஒரே இடத்தில் வைக்க முடியாததால்.

ஸ்லாம் அடித்தால் தனிப் பாராட்டா?

ஆமாம். உடைக்கிறவர் முதல் முறையிலேயே, எதிராளிக்குக் கை வராமல், ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் முடித்துவிட்டால் அது வொய்ட் ஸ்லாம். உடைத்தவர் விட்டுவிட்டு, அடுத்தவர் தன் முதல் முறையிலேயே கறுப்பையும் சிவப்பையும் முடித்தால் பிளாக் ஸ்லாம். தேசியப் போட்டிகளில் எத்தனை ஸ்லாம் விழுந்தது என்று தனியாகக் கணக்கு வைப்பார்கள்.

எங்கள் பெரியவர்களுக்குள் ஒரு தீராத வழக்கு: இரண்டில் எது பெரிசு? என் ஓட்டு பிளாக்குக்கு. தான் உடைத்த காய் எப்படிச் சிதறும் என்று வொய்ட் அடிக்கிறவருக்கு ஓரளவு தெரியும். பிளாக் அடிக்கிறவர் இன்னொருத்தர் கலைத்துப் போட்ட வீட்டை ஒழுங்கு பண்ணுகிறவர்.

யாரை அழைப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

கோப்பை வாங்கினவர்கள் தானாக வந்துவிடுவார்கள், அதில் முடிவு செய்ய ஒன்றும் இல்லை. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படி ஏறிப் போனவர்களின் பட்டியல் கையில் இருக்கும். மிச்ச இரண்டு மூன்று இடத்துக்குத்தான் சண்டை.

காலிறுதியில் தோற்றவரை அழைத்திருக்கிறோம். வாணியம்பாடிப் பையன் ஒருவன், நடுவர் கவனிக்காத ஒரு தவறைத் தானே கை தூக்கிச் சொன்னான். ஸ்ட்ரைக்கர் கோட்டைச் சரியாகத் தொடாமல் அடித்துவிட்டானாம். அந்தப் போர்டு போனது, மேட்ச்சும் போனது. அவன் அப்பாவுக்கு ஒரே கோபம், "எதுக்குடா சொன்ன?" என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் திட்டியிருக்கிறார். அழைப்பிதழ் கொடுக்க நாங்கள் போனபோது அவர்தான் முதல் ஆளாகச் சட்டையை இஸ்திரி போடக் கொடுத்தார்.

ஒரு வருடம் தப்பும் செய்தோம். அறையில் தினமும் நாங்கள் பார்க்கிறவர்களையே அழைத்துவிட்டோம். பேரணாம்பட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுவிட்டு, போகும்போது "எங்க ஊருலயும் கேரம் ஆடுறாங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருடத்திலிருந்து ஊருக்கு ஒருத்தரிடம் கேட்டுத்தான் பட்டியல்.

பின்பாலில் இருக்கிற மாதிரி ஒரு தரவரிசை வைத்துவிட்டால் சண்டையே வராதே?

ஓசூரில் ஐடி கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்ட கேள்வி. பின்பாலுக்கு உலக அளவில் ஒரு சங்கம் இருக்கிறது. ரோஜர் ஷார்ப்பின் மகன்கள் ஜோஷ், ஜாக் இருவரும் அதில் முக்கியமானவர்கள், இருவருமே நல்ல ஆட்டக்காரர்களும்கூட. சின்ன ஊர்ப் போட்டியானாலும் முடிவு அங்கே பதிவாகி, ஆளுக்கு ஆள் புள்ளி ஏறும். ஆளுக்குச் சிறந்த சில முடிவுகள்தான் கணக்கில். இரண்டாவது வருடத்தில் புள்ளியின் மதிப்பு முக்கால், மூன்றாவது வருடத்தில் பாதி, அப்புறம் பூஜ்ஜியம். பழைய பெருமையை வைத்து யாரும் உட்கார்ந்து சாப்பிட முடியாது. இந்தப் பகுதி எனக்குப் பிடித்திருக்கிறது.

நாங்களும் ஒரு நோட்டுப் போட்டுப் பார்த்தோம். எட்டு மாதம் ஓடியது. புள்ளி யார் அதிகம் என்று தெரிந்தது, யார் எப்படி ஆடுகிறார் என்று அதிலிருந்து தெரியவில்லை. அந்தத் தறிக்காரர் நோட்டில் பதினோராவது இடத்தில் இருந்தார். பின்பாலிலேயே பாருங்கள், கீத் எல்வின் என்று ஒருவர், வருடக்கணக்கில் முதல் வரிசையில் இருந்த ஆட்டக்காரர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்குத் தரவரிசையில் அவர் பிடித்த இடத்தை விட, அவர் வடிவமைத்த இயந்திரங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ஆடிப் பழகின கை, அடுத்தவர் எங்கே திணறுவார் என்று அறிந்து மேசையைப் போடுகிறது. நோட்டை நாங்கள் மூடவில்லை. பட்டியலுக்கு ஒரு துணை, அவ்வளவுதான்.

பொன்னாடை, ஷீல்டு எல்லாம் உண்டா?

பொன்னாடை உண்டு. அது இல்லாவிட்டால் வீட்டில் நம்பமாட்டார்கள். ஷீல்டை நிறுத்திவிட்டோம். ஒரு வருடம் கொடுத்த ஆறில் நாலில் பெயர் தப்பு. 'கேரம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றில் 'காரம்' என்று பொறித்து வந்தது. வாங்கினவர் ஆம்பூரில் பிரியாணிக் கடையில் வேலை செய்கிறவர், பொருத்தம்தான் என்று சிரித்துவிட்டார், தப்பித்தோம்.

இப்போது கொடுப்பது இரண்டே பொருள். ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர், எடை பார்த்து வாங்கியது. அடுத்த மாநிலப் போட்டிக்குக் காட்பாடியிலிருந்து போய்வர ரயில் கட்டணம், கவரில். கூடவே ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா. அது பரிசில் சேராது, மரியாதை.

மேடையில் பேசுகிறவர்களுக்கு ஏதாவது கட்டுப்பாடு?

ஆளுக்கு மூன்று நிமிடம். 'கேரம் சக்கரவர்த்தி', 'வேலூர் மண்ணின் மைந்தன்' இதெல்லாம் வேண்டாம் என்று முன்கூட்டியே கெஞ்சிக் கேட்டுக்கொள்வோம். பட்டம் வேண்டாம், ஆட்டம் சொல்லுங்கள். எந்த ஊரில், யாரோடு, எத்தனைக்கு எத்தனை இருக்கும்போது, எந்தக் காயை, எப்படி. தெரியாவிட்டால் போர்டுக்குப் பக்கத்தில் நின்று அவரையே கேளுங்கள். அரசியல்வாதி ஒருவர் அப்படித்தான் கேட்டார். 'இந்தக் காய ஏன் விட்டுட்டு அந்தக் காய அடிச்சீங்க?' என்றார். பதில் முடிவதற்குள் அவருடைய மூன்று நிமிடமும் முடிந்துவிட்டது. எங்கள் மேடையில் நான் கேட்ட பேச்சில் அதுதான் உருப்படி.

பெண்கள் வரலாமா? ராத்திரி நேரம் என்றால் எப்படி?

இளவழகி, ராஷ்மி, காசிமா என்று சுவர் முழுக்கப் பெண்களை மாட்டிவிட்டு, அறையில் ராத்திரி பத்து மணிக்கு ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தது எங்களுக்கே உறுத்தியது. இப்போது சனி, ஞாயிறு காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை பெண் பிள்ளைகளுக்கு. அம்மாக்கள் கூட வருவார்கள். முதலில் துணைக்கு வந்தவர்கள், இப்போது இரண்டு பேர் அவர்களே ஆடுகிறார்கள். ஒருத்தர் பீடி சுற்றுகிறவர், விரலில் அப்படி ஒரு அளவு. நான் அவரிடம் தோற்றதை இங்கே எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவார்.

வெயில், மழைக்கெல்லாம் போர்டு மாறுமா?

மாறும். சித்திரையில் நம் ஊர் வெயிலில் பலகை காய்ந்து, காய் எண்ணெயில் போகிற மாதிரி போகும். மெதுவாகத் தொட்டாலே போதும். ஐப்பசி மழையில் பலகை ஈரம் வாங்கி, பவுடர் திப்பித்திப்பியாக ஒட்டும். அதே அடி பாதி வழியில் நிற்கும். மழைக்காலத்தில் போர்டுகளைச் சுவரில் சாய்க்காமல், மேலே குண்டு பல்பைக் கொஞ்ச நேரம் எரியவிட்டுச் சூடு காட்டி எடுப்போம். மெட்ராஸில் கடல் காற்றில் ஆடிப் பழகினவர் மே மாதம் இங்கே வந்தால் முதல் கேம் நமக்குத்தான், அதை மட்டும் உத்தரவாதமாகச் சொல்வேன்.

இதில் வேலை, வருமானம் ஏதாவது உண்டா?

எல்லாருக்கும் இல்லை. காசிமாவுக்குத் தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது உண்மை. முதலமைச்சர் கோப்பையில் கேரமும் இருக்கிறது. எல்.ஐ.சி., ரிசர்வ் வங்கி, பெட்ரோலிய நிறுவனங்கள் மாதிரி சில இடங்கள் தேசியப் போட்டிக்கு அணி அனுப்புகிறவை. ஆனால் கேரம் ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை. நம் சென்னையில்தான் 1988இல் சர்வதேசக் கேரம் சம்மேளனமே ஆரம்பமானது, இருந்தும் இந்த நிலை. படிப்பை விட்டுவிட்டு வா என்று எந்தப் பிள்ளையிடமும் நாங்கள் சொன்னதில்லை. பரீட்சை மாதத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அறைக்குள் விடுவதும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். அதைத் தடுக்க முடியவில்லை.

பணம் வைத்து ஆடுவீர்களா?

இல்லை. தோற்றவர் டீ சொல்லுவார். அதிலும் சர்க்கரை கம்மி.

எங்கள் ஊர் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி எழுதி அனுப்பலாமா?

கட்டாயம் அனுப்புங்கள். வாழ்க்கை வரலாறு வேண்டாம், சான்றிதழ் நகலும் வேண்டாம். ஒரு போர்டு போதும். ஸ்கோர் எவ்வளவு, காய் எங்கெங்கே, அடித்தது எது, எதிராளி முகம் எப்படிப் போனது.

போன மாதம் வந்த கடிதம் ஒன்றை மாதிரிக்குச் சொல்கிறேன். கணியம்பாடி பக்கத்திலிருந்து ஒரு எட்டாம் வகுப்புப் பையன், தன் அண்ணனைப் பற்றி எழுதியிருந்தான். கணக்கு நோட்டுத் தாளில் காம்பஸ் வைத்து நடு வட்டம், நாலு குழிக்கு நாலு சின்ன வட்டம், காய்களுக்குப் பேனா மூடியை வைத்துச் சுற்றியிருந்தான். கறுப்பை மையால் நிரப்பி, சிவப்புக்கு அம்மாவின் குங்குமம். ஸ்ட்ரைக்கர் போன வழியைப் புள்ளி புள்ளியாக வைத்து, மூன்று சட்டத்தில் மோதிச் சிவப்புக்கு வந்து, அது குழியில் விழுகிற வரைக்கும் காட்டியிருந்தான். அதோடு தாள் முடிந்துவிட்டது. கவர் என்ன ஆனது என்று எழுதவில்லை. கீழே இருந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டோம்.

"கவர் விழலண்ணா" என்றான்.

இந்த வருடம் அண்ணன், தம்பி இருவரையும் அழைத்திருக்கிறோம். காய் அடுக்குவதற்குத் தம்பிதான்.